ராக் இசையின் ஞானத்தாய்: பருத்திக்காட்டில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப்

ராக் இசை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எல்விஸ் பிரெஸ்லி. அடுத்து பீட்டல்ஸ். 1960ஆம் ஆண்டுகளில் ஈப்போ, தைப்பிங் போன்ற நகரங்களில் இளைஞர்கள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியதும், பாப் யே யே என்ற பெயரில் ஒரு புதிய இசை மலாயா முழுவதும் பரவியதும் அந்த அலையில்தான். அந்த அலையின் நாயகர்களாகப் பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மேடையின் நடுவே நின்று கிட்டாரை முழங்கவிடுவது ஆண்களின் வேலை என்றே பல காலம் எண்ணப்பட்டு வந்தது.

ஆனால் எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1938ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் நியூயார்க்கில் தாமே கிட்டார் மீட்டிப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். அவர் பெயர் ரொசெட்டா தார்ப். தேவாலயத்தில் பெண்களைச் சகோதரி என்று அழைக்கும் வழக்கப்படி, மேடையிலும் அவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்றே அழைக்கப்பட்டார். இன்று அவரை ராக் இசையின் ஞானத்தாய் என்கிறார்கள். அவர் மறைந்தபோதோ, அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட வைக்கப்படவில்லை.

பருத்தி மூட்டையும் பால் வாளியும்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பருத்திச் செடி என்பதே அந்த ஊரின் பெயர். அங்கே 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி ரொசெட்டா பிறந்தார். தாய் கேட்டி பெல், தந்தை வில்லிஸ் அட்கின்ஸ். இருவரும் பருத்தி பறிக்கும் தொழிலாளர்கள்.

அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள பேராக் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இருட்டோடு எழுந்து காட்டுக்குப் போக வேண்டும். பறித்த பருத்தியை மூட்டையாகச் சுமந்து வந்து, எடை போடுபவர் முன் நிற்க வேண்டும். ஸ்டோரில் பால் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தத் தராசின் கணக்கு தெரியும். அரிசி பருப்புக்குத் தோட்டத்துக் கடையில் கடன் சொல்லி, சம்பள நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் திரும்பியதைப் போலவே, அங்கும் நிலக்காரரின் கடையில் வாங்கிய கடன் அறுவடைக்குப் பிறகும் தீராமல் அடுத்த ஆண்டுக்குத் தொடர்ந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தபோதும் கறுப்பின மக்களின் நிலை அப்படித்தான் இருந்தது.

அந்த மக்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் தேவாலயம். ரொசெட்டாவின் தாய் சேர்ந்திருந்த திருச்சபை, மற்ற சபைகளிலிருந்து சற்று மாறுபட்டது. வழிபாட்டில் கைதட்டல் உண்டு, மேளம் உண்டு, ஆட்டமும் உண்டு. பக்தி முற்றியவர்கள் தம்மை மறந்து ஆடுவார்கள். படித்த, வசதியான கறுப்பினக் குடும்பங்கள் இதையெல்லாம் நாகரிகக் குறைவு என்று முகம் சுளித்தன. உறுமி மேளம் முழங்க, அருள் வந்து ஆடும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியும் புதிதல்ல, அந்த முகச்சுளிப்பும் புதிதல்ல.

கேட்டி பெல் பாடுவார், மாண்டலின் வாசிப்பார், பிரசங்கமும் செய்வார். பெண்கள் ஊர் ஊராகச் சென்று இறைப்பணி செய்ய அந்தச் சபை இடம் கொடுத்தது. மகளுக்கு நான்கு வயதிலேயே கிட்டார் பழக்கமாகிவிட்டது. ஏறக்குறைய ஆறு வயதில் தாயோடு ஊர் சுற்றத் தொடங்கினார். அற்புதக் குழந்தை என்று அவரைக் காணக் கூட்டம் கூடியது. 1920களின் நடுப்பகுதியில் தாயும் மகளும் சிகாகோ நகரில் குடியேறினார்கள். தென்பகுதிப் பருத்திக்காடுகளை விட்டு வடக்கே இருந்த தொழில் நகரங்களுக்கு இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த காலம் அது. நகரத்தில் புளூஸ், ஜாஸ் போன்ற இசைவகைகள் தெருவெல்லாம் ஒலித்தன. தேவாலயத்தில் கற்ற தாளமும் தெருவில் கேட்ட இசையும் அந்தச் சிறுமியின் விரல்களில் ஒன்றுகூடின.

தொட்டில் பாட்டு கேளிக்கை அரங்கில்

1934ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில் ரொசெட்டாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் தாமஸ் தோர்ப், அதே சபையின் போதகர். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. 1938ஆம் ஆண்டு கணவரைப் பிரிந்து, தாயை அழைத்துக்கொண்டு நியூயார்க் சென்றார். கணவரின் குடும்பப் பெயரைச் சற்றே மாற்றித் தார்ப் என்று மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மேடையில் ஆடிப் பாடுபவர்கள் கறுப்பினத்தவர்கள். மேசைகளில் அமர்ந்து குடித்துக்கொண்டு இரசித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். காட்டன் பிளாண்ட் ஊரில் பருத்தி பறித்தவரின் மகள், பருத்தியின் பெயரையே தாங்கிய அந்தக் கேளிக்கை அரங்கில் கடவுளைப் பற்றிப் பாடினார்.

அக்டோபர் 31ஆம் தேதி டெக்கா நிறுவனத்துக்காக நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று ராக் மீ. ராக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொட்டிலை ஆட்டுவது போல் ஆட்டுதல் என்று பொருள். தாய் பிள்ளையைத் தாலாட்டுவது போலக் கடவுள் தன்னை ஆட்ட வேண்டும் என்று வேண்டும் பக்திப்பாடல் அது. தேவாலயத்தில் பாடும்போது அதில் யாரும் குறை காணவில்லை. அதே சொல் கேளிக்கை அரங்கில், துள்ளும் தாளத்தோடு ஒலித்தபோது கேட்டவர்கள் வேறு பொருளையும் கண்டார்கள். பிற்காலத்தில் ஓர் இசைவகைக்கே பெயராகப் போகும் சொல், ஒரு பெண்ணின் குரலில் இறைவனுக்கும் இரவு விருந்துக்கும் நடுவே ஊசலாடியது.

இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. டிசம்பர் 23ஆம் தேதி, நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் கறுப்பின இசையின் வரலாற்றைக் காட்டும் நிகழ்ச்சியிலும் அவர் பாடினார். ஒரே ஆண்டில் நாடறிந்த பாடகியானார்.

சபையில் புயல் கிளம்பியது. சாமி பாட்டை மதுக்கடையில் பாடலாமா என்று விசுவாசிகள் கொதித்தார்கள். குழந்தைப் பருவத்திலிருந்து தன்னைத் தூக்கி வளர்த்த மக்களே தன்னை விலக்கிப் பேசுவது அவரைப் பாதித்தது. ஆனாலும் அவர் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. தேவாலயங்களில் பாடுவதையும் விடவில்லை.

பின்னர் லக்கி மில்லிண்டர் இசைக்குழுவில் சேர்ந்தார். பெரிய குழு, நல்ல வருமானம். அதற்கு விலையாகக் கேலியும் காதலும் கலந்த உலகியல் பாடல்களையும் அவர் பாட வேண்டியிருந்தது. மனம் அதில் ஒட்டவில்லை. 1943ஆம் ஆண்டு அந்தக் குழுவை விட்டு விலகி மீண்டும் பக்தி இசைக்கே திரும்பினார். திரும்பியவர் பழைய முறையில் பாடவில்லை. மேடையில் கற்ற வேகத்தையும் தாளத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

புது இசை பிறந்த நேரம்

1944ஆம் ஆண்டு, பியானோ கலைஞர் சேமி பிரைஸ் குழுவோடு ஒரு பாடலைப் பதிவு செய்தார். ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே என்பது அதன் பெயர். பக்தி வேடம் போடுபவர்களை மெல்லச் சீண்டும் பாட்டு. பியானோ உருண்டோட, கிட்டார் இடையிடையே பாய்ந்து பதில் சொல்ல, அவரது குரல் மேலே ஏறி நிற்கும். கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கென்று பில்போர்டு இதழ் அப்போது தனியாக ஒரு தரவரிசை வெளியிட்டு வந்தது. 1945ஆம் ஆண்டு அந்தப் பட்டியலில் இந்தப் பக்திப்பாடல் இரண்டாம் இடம் வரை ஏறியது. ராக் அண்ட் ரோல் வகையின் முதல் இசைத்தட்டு எது என்ற விவாதத்தில் இன்றும் இந்தப் பாடலின் பெயர் தவறாமல் வருகிறது.

கிட்டாரை வெறும் பக்கவாத்தியமாக வைத்திருந்த காலம் அது. பாட்டுக்குத் துணையாகச் சுருதி கொடுத்தால் போதும் என்றிருந்தார்கள். ரொசெட்டா அதை இரண்டாவது குரலாக்கினார். ஒரு வரி பாடுவார், அடுத்த வரியைக் கிட்டார் பாடும். பின்னர் மின்சாரக் கிட்டாரை எடுத்துக்கொண்டு, அதன் ஒலியைக் கூட்டிக் கூட்டத்தையே அதிரவைத்தார். பிற்கால ராக் மேடைகளில் ஆண்கள் செய்து காட்டிய பல வித்தைகளை அவர் 1940களிலேயே நீண்ட அங்கியணிந்து சிரித்தபடி செய்துகொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாளைய நட்சத்திரங்களும் இருந்தார்கள். 1947ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் நிகழ்ச்சிக்கு வந்தவர், மண்டபத்தில் வேலை பார்த்த பதினான்கு வயதுப் பையன் பாடுவதைக் கேட்டார். அன்றிரவே அவனை மேடையேற்றிப் பாட வைத்து, கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லிட்டில் ரிச்சர்ட். ஆர்கன்சாவில் பருத்திக்காட்டு வெள்ளைக் குடும்பத்தில் பிறந்த ஜானி கேஷ் சிறுவயதில் அவரது இரசிகர். எல்விஸும் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பிற்காலத்தில் எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடிய ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழு, அதற்கு முன்பே ரொசெட்டாவோடு சுற்றுப்பயணம் செய்திருந்தது.

அதே காலகட்டத்தில் மேரி நைட் என்ற இளம் பாடகியைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பெண்கள், ஒரு கிட்டார், ஒரு பியானோ. ஆண் துணையில்லாமல் ஊர் ஊராகச் சென்று அரங்குகளை நிறைத்தார்கள். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்களுக்குத் தங்கும் விடுதிகளில் இடம் கிடையாது. வெள்ளையர் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய பாடகி, நிகழ்ச்சி முடிந்ததும் பேருந்திலேயே படுத்துறங்கிய இரவுகள் உண்டு.

அரங்கத்தில் திருமணம்

1951ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு விநோதத் திருமணம் நடந்தது. இடம், பேஸ்பால் விளையாட்டு அரங்கம். மணமகள் ரொசெட்டா. மணமகன் ரசல் மோரிசன். ரொசெட்டாவுக்கு அது மூன்றாவது திருமணம். கட்டணம் செலுத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 25,000 பேர் வந்தார்கள். தாலி கட்டு முடிந்து விருந்து என்பது போல, அங்கே மோதிரம் மாற்றி முடிந்ததும் இசை நிகழ்ச்சி. மணப்பெண் வெள்ளை உடையிலேயே கிட்டார் வாசித்தார். வாணவேடிக்கையும் நடந்தது. பல்லாயிரம் பேர் திரளும் விளையாட்டு அரங்க இசை நிகழ்ச்சிகள் ராக் உலகில் வழக்கமாவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு பெண்மணி அதை நடத்திக் காட்டிவிட்டார்.

அந்த உச்சத்திலிருந்து இறக்கம் சீக்கிரமே வந்தது. 1953ஆம் ஆண்டு வாக்கில் மேரி நைட்டோடு சேர்ந்து புளூஸ் பாடல்களை வெளியிட்டார். தேவாலய இரசிகர்கள் மீண்டும் முகம் திருப்பினார்கள். இம்முறை பலர் திரும்பி வரவில்லை. மறு ஆண்டே எல்விஸின் குரல் வானொலியில் ஒலித்தது. அதையடுத்து சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் எனப் புதியவர்கள் வந்தார்கள். ரொசெட்டா விதைத்ததை நாடே அறுவடை செய்த நேரத்தில், அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. சந்தைக்குத் தேவைப்பட்டவர்களோ இளைஞர்கள், அதிலும் பெரும்பாலும் ஆண்கள்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எல்விஸை உச்சத்துக்குக் கொண்டுபோன பாடல்களில் ஒன்றான ஹவுண்ட் டாக், முதலில் பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி 1952ஆம் ஆண்டு பதிவு செய்தது. 1956ஆம் ஆண்டு எல்விஸ் அதைப் பாடிய பிறகு, அது எல்விஸின் பாட்டாகவே பெரும்பாலோருக்குத் தெரிந்தது.

மழையில் நனைந்த மேடை

சொந்த நாட்டில் வாய்ப்புக் குறைந்தபோது அயல்நாடு அழைத்தது. 1957ஆம் ஆண்டு கிறிஸ் பார்பர் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் அவரைப் பிரிட்டனுக்கு வரவழைத்தார். 1964ஆம் ஆண்டு மட்டி வாட்டர்ஸ் உள்ளிட்ட புளூஸ் கலைஞர்களோடு மீண்டும் சென்றார்.

அவ்வாண்டு மே 7ஆம் தேதி, மான்செஸ்டர் நகரில் பயன்பாட்டில் இல்லாத ஓர் இரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் படம்பிடித்தது. ஒரு பக்க நடைமேடையில் இளம் இரசிகர்கள், தண்டவாளத்துக்கு அப்பால் எதிர்ப்பக்க நடைமேடையில் கலைஞர்கள். ரொசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அவர் சிறிதும் தயங்காமல், நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பக்திப்பாடலை எடுத்துக்கொண்டார். குளிருக்கு மேலங்கி அணிந்து, ஈரத் தரையில் நின்று, மின்சாரக் கிட்டாரை முழங்கவிட்ட நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணியை அந்த ஆங்கிலேய இளைஞர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். அந்த ஒளிப்பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. சில நிமிடங்கள் ஒதுக்கிப் பார்ப்பவர்களுக்கு, ராக் இசை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1968ஆம் ஆண்டு தாய் கேட்டி பெல் காலமானார். மேடையிலும் வாழ்விலும் மகளைப் பிரியாத தாய் அவர். 1970ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின்போது ரொசெட்டாவைப் பக்கவாதம் தாக்கியது. நீரிழிவு நோயால் ஒரு காலையும் இழந்தார். அதற்குப் பிறகும் நாற்காலியில் அமர்ந்து பாடினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி, மறுபடியும் ஒலிப்பதிவுக்குத் தயாராகியிருந்த வேளையில், பிலடெல்பியா நகரில் உயிர் பிரிந்தது. வயது 58.

முப்பத்தைந்து ஆண்டுகள் பெயரில்லாத மண்

பிலடெல்பியாவின் நார்த்வுட் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். பெயர்க்கல் வைக்கவில்லை. புல் முளைத்த வெறும் மண்ணாகவே அது கிடந்தது.

1986ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் தன் முதல் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. எல்விஸ், சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அதில் இடம்பெற்ற பாடகர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்களில் சிலருக்கு ஆதர்சமாக இருந்த பெண்மணியின் பெயர் இல்லை.

மறதியைக் கலைத்தவர்கள் எழுத்தாளர்களும் இரசிகர்களுமே. 1998ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. 2007ஆம் ஆண்டு கெயில் வால்ட் என்ற பேராசிரியர் அவரது வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். உயிரோடு இருந்த பழைய நண்பர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதிய நூல் அது. 2008ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலம் ஜனவரி 11ஆம் தேதியை அவரது நாளாக அறிவித்தது. நினைவு இசை நிகழ்ச்சி நடத்தித் திரட்டிய நிதியில் ஒருவழியாகக் கல்லறைக்குக் கல் வந்தது. 2018ஆம் ஆண்டு புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் ஏறியது. முதல் பட்டியல் வெளிவந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. பிக் மாமா தோர்ன்டன் 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரொசெட்டாவுக்காவது குரல் பதிந்த இசைத்தட்டுகள் இருந்தன. ஓர் ஒளிப்பதிவு இருந்தது. அவற்றைச் சான்றாகக் காட்டி அவருக்குரிய இடத்தை மீட்க முடிந்தது. பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு. நடவிலும் வெட்டிலும் பாடிய பெண்கள், லயத்து வாசலில் தாலாட்டும் ஒப்பாரியும் சொந்தமாகக் கட்டிப் பாடிய பாட்டிமார்கள், திருவிழாவில் கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது லயங்களோடு அந்தப் பாட்டுகளும் கலைந்து போயின.

அந்தத் தலைமுறையில் சிலர் இன்றும் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கையில் இருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவிதான். பாட்டைப் பதிவு செய்து, கூடவே பாடியவர் பெயர், பிறந்த ஆண்டு, வேலை செய்த தோட்டத்தின் பெயர், டிவிஷன் ஆகியவற்றையும் குறித்து வைத்தால் போதும். அரை மணி நேர வேலை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குடும்பம் கூடும் நாளில் பேரப்பிள்ளைகளே செய்துவிடலாம்.